நகம் படாத கத்தி

அத்தியாயம் 7

பூவனநாதன் அண்ணாச்சி தன்னுடைய கத்திகளைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்.

மேஜைமேல் இரண்டு துண்டுகள் விரித்திருந்தன. வெள்ளைத் துண்டு அவருக்கு, பச்சைத் துண்டு அவருடைய சிநேகிதர் மாயகிருஷ்ணனுக்கு. கண்ணாடி பதித்த இழுப்பறையிலிருந்து ஒவ்வொரு மடக்குக்கத்தியாக எடுப்பார். எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது, யார் பேரம் பேசியது என்று வாய்க்குள் முனகுவார். பிறகு பெருமூச்சு விட்டபடி ஏதாவது ஒரு துண்டில் வைப்பார். எருமைக்கொம்புப் பிடி, பித்தளைப் பிடி, வேங்கைக்கட்டைப் பிடி என்று எல்லாமே கொல்லர்கள் கையால் அடித்தவை, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி ஒருவர் மகள் கல்யாண வேலையைப் போட்டுவிட்டு, விடிந்ததிலிருந்து பழைய கத்திகளோடு உட்கார்ந்திருக்கிறார் என்றால் கோவில்பட்டியே சிரிக்கும். எதிரே நின்ற ஜெயப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயப்பிரியா ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளைத் துருவியவள். இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். துப்பறியும் நிலையம் என்பது போர்டில் இருக்கிற பெயர். வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, சொந்த வீடா வாடகையா, இதற்கு மேல் யாரும் அவளை ஒன்றும் கேட்டதில்லை. அண்ணாச்சியும் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். கத்தி காணாமல் போனது அதற்குப் பிறகு.

காணாமல் போனது ஒரே ஒரு கத்தி. ஆனால் சாதாரணக் கத்தி இல்லை. பூவனநாதனும் இடைசெவல் மாயகிருஷ்ணனும் மீசை முளைக்கிற வயதில் எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் கூட்டாக வாங்கியது. ஆடு மேய்ப்பவர்கள் மடியில் செருகிக்கொள்கிற வகை. காலில் முள் தைத்தால் பிடுங்க, பிடிக்குள்ளேயே ஒரு சின்ன முள்வாங்கி ஒளிந்திருக்கும். இருவரின் சேகரிப்பும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று கத்தியை வெட்ட முடியாது என்பதால் வருஷத்தை வெட்டிக்கொண்டார்கள். தை முதல் தேதியிலிருந்து அது இடைசெவலில் இருக்கும், ஆடி முதல் தேதியிலிருந்து கோவில்பட்டியில் இருக்கும்.

இந்த ஆடி முதல் தேதியும் மாயகிருஷ்ணன் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது அந்த வீட்டில் கண்டிப்பான வழக்கம். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். பூவனநாதனும் எடுத்து இழுப்பறையில் வைத்தார். விரித்துப் பார்க்கவில்லை. சரிபார்த்து வாங்குகிற இடமா அது? அடுத்த வாரம் துரு ஏறாமலிருக்கத் தீக்குச்சி மெழுகு பூசலாம் என்று எடுத்து விரித்து மடக்கினார். பழைய கத்தி மடங்கும்போது 'டப்' என்று கனமாக ஒரு சத்தம் வரும். இது 'க்ளிக்' என்றது. பார்வைக்கு அதே கொம்புப் பிடி, அதே முள்வாங்கி. ஆனால் வேறு கத்தி.

"எத்தன நாளா இதுக்குத் திட்டம் போட்டேன்னு அவன்கிட்ட கேட்டுட்டேம்மா." பூவனநாதன் தலையைத் தூக்காமலே சொன்னார். "அவன் இடுப்புல கெடந்த வெத்தலக்கத்திய எடுத்து என் உள்ளங்கையில வச்சு அழுத்துனான். கையில குடுத்துட்டேன், இனி நமக்குள்ள ஒண்ணும் இல்லன்னு போயிட்டான்."

அந்த வெற்றிலைக்கத்தி தனியாக ஜன்னல் ஓரத்தில் கிடந்தது. எந்தத் துண்டில் வைப்பது என்று அவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது.

சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்க நினைத்தோ என்னவோ, ஜெயப்பிரியாவின் உதவியாளன் ஆண்ட்ரூஸ் தொண்டையைச் செருமினான். முன்னாள் மினிபஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கிய காலத்தில் வளர்ந்த வாய் இன்னும் இறங்கவில்லை.

"எங்க வீட்ல கத்தியக் கையிலதான் அண்ணாச்சி குடுத்து வாங்குதோம். எங்க அம்மையும் என் வீட்டுக்காரியும் பேசி ரெண்டு ஈஸ்டர் ஆச்சு."

பூவனநாதன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவன் விடவில்லை. அண்ணாச்சி கவலைப்படக் கூடாது, எங்கள் ஆபீசில் நாங்கள் இருவரும் சும்மா மேய்ந்துகொண்டு கிடந்தோம், அண்ணாச்சிதான் பிடித்து ஒரு கயிற்றில் கட்டினார், கத்தியைக் கொண்டுவராமல் அவிழ மாட்டோம் என்று சொல்லி அவரைச் சிரிக்கவே வைத்துவிட்டான். இந்த மேய்கிற கதையை ஊரில் அவன் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

ஜெயப்பிரியா போலிக் கத்தியைக் கேட்டாள். அண்ணாச்சி மேஜைமேல் வைத்தார், அவள் எடுத்துக்கொண்டாள். மடக்குக்கத்தியின் அலகில் விளிம்போரமாக ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். கட்டைவிரல் நகத்தை அதில் கொடுத்துத்தான் அலகை நிமிர்த்த வேண்டும். நகம் கொடுத்து நிமிர்த்தினாள். வில் விறைப்பாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் அந்தப் பள்ளத்தைச் சுற்றி இருந்த கீறல்கள் கண்ணில் பட்டன. மெல்லிய, பளபளப்பான, புதுக் கீறல்கள். நேற்று வரை இதைக் கவனிக்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அண்ணாச்சியிடம் கட்டைவிரலைக் காட்டச் சொன்னாள். நகம் நன்றாக இருந்தது. மாயகிருஷ்ணனுக்கு எப்படி என்று கேட்டாள்.

"அவன் வெத்தலக் காம்பு கிள்ளுறதுக்குன்னே ஒரு நகம் வளக்குதானே. வாழப்பழத்தையே அதுலதான் வெட்டுவான்."

"அப்போ அவுக இல்ல அண்ணாச்சி. இத மொதல்ல தெறந்தவனுக்கு நகம் இல்ல. இரும்பு வச்சு நெம்பியிருக்கான்."

பூவனநாதன் கையிலிருந்த கத்தி வெள்ளைத் துண்டுக்கும் பச்சைத் துண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அவர் முகத்தில் வந்த ஆசையைப் பார்க்க ஜெயப்பிரியாவுக்குப் பாவமாக இருந்தது. சாயங்காலம் மாயகிருஷ்ணன் பங்கை எடுத்துப்போக வருகிறாராம். பச்சைத் துண்டு ஒரு தடவை வாசலைத் தாண்டிவிட்டால் அப்புறம் எதைக் கண்டுபிடித்தும் பிரயோஜனம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். அதற்குள் வந்துவிடுகிறேன், மூட்டை கட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கும் ஆண்ட்ரூஸ், அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகத் தெருவில் நின்ற தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

ஆடிக்காற்று சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் கரிசல் காடு உழுது போட்டுக் கிடந்தது. வண்டி ஒரு பக்கமாகச் சாய, ஆண்ட்ரூஸ் எதிர்ப்பக்கமாகச் சாய்த்து ஓட்டினான். பின்னால் உட்கார்ந்திருந்த ஜெயப்பிரியா கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தாள்.

ஆள் வந்து போன இடத்தில் மூன்று தங்கும், வாசனை, முடி, வழி. அவள் இன்சூரன்ஸில் இருந்தபோது தானாகவே வகுத்துக்கொண்ட பாடம் அது. கேஸ் இல்லாத மத்தியானங்களில் டீயைக் குடித்துக்கொண்டே ஆண்ட்ரூஸுக்கு எத்தனையோ தடவை ஒப்பித்திருக்கிறாள். அவன் கேலி பண்ணிக்கொண்டே கேட்டுக்கொள்வான். பூவனநாதன் வீட்டில் அந்தப் பாடம் அப்படியே பலித்தது. இழுப்பறைக்கு அடியில் ஒரு துணித்துணுக்கு கிடைத்தது, வேப்பெண்ணெய் வாசனையோடு. ஆட்டுப் புண்ணுக்குப் போடுகிற எண்ணெய். மேஜைக் காலில் ஆட்டு முடி ஒட்டியிருந்தது. ஜன்னல் இடுக்கில் ஒரு மினிபஸ் டிக்கெட். புதூர் போகிற வண்டியின் டிக்கெட் என்று ஆண்ட்ரூஸ்தான் பார்த்ததும் சொன்னான். அதில் குறித்திருந்த நிறுத்தத்தில் ஊரே கிடையாது, காட்டுக்குள் ஒரு கருப்பசாமி கோயில் மட்டும் இருக்கிறது, ஆட்டுக்காரர்கள்தான் இறங்குவார்கள் என்றும் சொன்னான்.

மூன்றையும் கண்டுபிடித்த அன்று ஜெயப்பிரியாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அதுவரை, ஆடி முடிந்ததும் கடையைக் கட்டிவிட்டுக் கோயம்புத்தூர் போவதாக இருந்தாள். அங்கே அக்கா வீட்டுப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை பார்த்து வைத்திருந்தார்கள். நேற்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். என்ன பைத்தியமா உனக்கு, அந்த இடத்துக்கு ஆள் காத்துக் கிடக்கு என்று அக்கா கத்தினாள். எனக்கு இந்த வேலை வருது அக்கா, நிஜமாவே வருது என்று சொல்லிவிட்டு ஜெயப்பிரியா போனை வைத்தாள். விஷயத்தைக் காலையில் சொன்னதும் ஆண்ட்ரூஸ் ஆபீஸ் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

பெட்ரோல் போட நிறுத்தியபோது கடலைமிட்டாய் வாங்கினான். வண்டிச் சாவியால் பாக்கெட்டைக் குத்திக் கிழித்து அவளுக்கு ஒன்றை நீட்டினான். நேரே கருப்பசாமி கோயிலுக்குப் போய்விடலாம் என்று மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

"எட்டயபுரத்துல நிறுத்து. இன்னிக்குச் சந்தை."

"சந்தையில என்னக்கா இருக்கு? ஆடு இருக்கும், அதவிட்டா ஆட்டோட புழுக்க இருக்கும்."

"ஆட்டுக்காரன் கத்தியும் இருக்கும். இந்தப் போலிய எவனாவது எங்கனயாவது வாங்கித்தான வச்சிருக்கணும்."

அவன் மிட்டாயைக் கொஞ்ச நேரம் மென்றுகொண்டே நின்றான். கல்லைக் கடித்துவிட்டானோ என்று அவள் நினைத்தாள்.

*

சந்தைக்குள் கால் வைக்க இடமில்லை. ஆடுகள் கத்த, அதைவிடச் சத்தமாகத் தரகர்கள் கத்த, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரூஸ் தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன், இங்கே ஆட்டையே பெட்ரோல் டாங்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போய்விடுவான்கள், வண்டி எம்மாத்திரம் என்றான்.

கயிறு, கழுத்துமணி, கத்தி எல்லாம் பரப்பி ஒரு கடை இருந்தது. நடுவில் காளீஸ்வரி என்ற பெண் சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். ஜெயப்பிரியா போலிக் கத்தியை எடுத்துச் சாக்கின்மேல் வைத்தாள். காளீஸ்வரி எடுத்துப் பார்த்துவிட்டு, இது என் கடைச் சரக்குத்தான், என்ன பழுதா என்று கேட்டாள். பழுதெல்லாம் இல்லை, பள்ளத்தைச் சுற்றிக் கீறலாக இருக்கிறதே, வரும்போதே இப்படித்தான் வருமா என்று ஜெயப்பிரியா கேட்டாள். காளீஸ்வரி பதிலுக்குத் தன் கடையில் கிடந்த நாலைந்து கத்திகளை நகத்தால் திறந்து காட்டினாள். ஒன்றிலும் கீறல் இல்லை.

"வாங்கினவிய யாருன்னு ஞாபகம் இருக்காக்கா?"

மொகத்த யாரு கண்டா என்றாள் காளீஸ்வரி. ஹெல்மெட்டோடு வந்தானாம், அதோடேயே போனானாம். ஆனால் அவனை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரியான வாயாடி. எத்தன ஆடு நிக்குதுன்னு கேட்டேன். ஆடு இல்லக்கா, எங்க ஆபீஸ்ல நாங்க ரெண்டு பேருதான் மேஞ்சுக்கிட்டு கெடக்கோம்னான். வீட்ல போயிச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்."

ஜெயப்பிரியாவும் சிரித்தாள். அந்த வார்த்தைக்குச் சிரித்துப் பழகிய வாய். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மெதுவாகத் திரும்பி வேப்பமரத்தைப் பார்த்தாள். ஆண்ட்ரூஸ் இரண்டாவது கடலைமிட்டாய்ப் பாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். ஓரத்தை ஒரு தடவை விரலால் பிய்க்கப் பார்த்தான். அவனால் முடியாது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியில் சதையை மட்டும் மிச்சம் வைத்திருப்பவன் அவன். சில்லறை கீழே விழுந்தால்கூடப் பொறுக்க வராமல் காலால் தள்ளிச் சுவரோடு சேர்த்து எடுப்பான். பார்த்துப் பார்த்து அவளுக்கு அது கண்ணிலேயே படாமல் போயிருந்தது. இப்போது அவன் வண்டிச் சாவியை உருவிப் பாக்கெட்டின் ஓரத்தில் குத்தி ஒரு நெம்பு நெம்பினான்.

கையிலிருந்த கத்தியின் கீறல்களை அவள் இன்னொரு தடவை பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லை.

மாப்பிள்ளை விசாரணை ரிப்போர்ட்டைக் கொடுக்கப் பூவனநாதன் வீட்டுக்கு ஆடி பிறந்தபிறகு இரண்டு தடவை தனியாகப் போனவன் ஆண்ட்ரூஸ். கேஸ் சிலிண்டர் போட வந்தவனைக்கூட உட்கார வைத்துக் கத்தி காட்டுகிற மனுஷர் அண்ணாச்சி. முதல் தடவை இவனுக்கும் காட்டியிருப்பார். அடுத்த தடவை இவன் போலியோடு போனபோது காப்பி கொண்டுவர எழுந்து போயிருப்பார். ஆபீஸ் சாவியை இவன் கையில் கொடுத்திருக்கிறோம், இவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் முதல் ஆளாகப் போய் நின்றோம், என்ன இல்லை என்று இப்படிப் பண்ணினான்? கத்தியை யாருக்கு விற்றான்? ஆத்திரமாக இருந்தது. அவமானமாகவும் இருந்தது. ஊரான் வீட்டு மாப்பிள்ளைகளின் யோக்கியதையை எல்லாம் அளந்து சொன்னவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவனைத் தெரியவில்லை.

அவள் திரும்பி வந்ததும் என்னக்கா சொன்னாள் அந்தம்மா என்று ஆண்ட்ரூஸ் சாதாரணமாகக் கேட்டான். ஒன்றும் தெரியவில்லையாம் என்றாள். அவனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவனுக்கு எத்தனையாவது என்று கணக்கில்லை.

"அப்போ கருப்பசாமிதான் அக்கா. ஏறுங்க."

*

கோயில் என்று பெயர்தான். முள் அடர்ந்த உடைமரம் ஒன்று, அதன் கீழே ஒரு சிமெண்டுத் திண்டு, திண்டைச் சுற்றி மண்ணில் குத்தி வைத்த அரிவாள்கள். மரக்கிளைகளில் மணிகளும் மஞ்சள் துணி முடிச்சுகளும் தொங்கின. கண்ணுக்கு எட்டிய வரை ஆளில்லை. காற்றில் மணிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன.

ஆண்ட்ரூஸ் அரிவாள்களுக்கு நடுவே குனிந்து தேடுகிற மாதிரி தேடினான். வேதக்காரப் பயல் கருப்பசாமி எல்லைக்குள் துப்பறிய வந்திருக்கிறேன், சாமி கோவித்துக்கொண்டால் மாதாதான் பேசித் தீர்க்க வேண்டும் என்றான். ஜெயப்பிரியா நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் எவ்வளவு நேரம் நடிப்பான் என்று பார்த்தாள். அதுவும் கொஞ்ச நேரத்தில் சகிக்கவில்லை.

அவளுடைய பாடத்தில் இன்னும் ஒரு வரி உண்டு. தேடுகிறவன் கண்ணுக்கு நேராகவும் கீழாகவும்தான் தேடுவான், ஒளிக்கிறவன் அதற்கு மேலே வைப்பான். ஒரு மழைநாளில் ஆபீஸ் மின்விசிறியைக் காட்டி ஆண்ட்ரூஸிடம் சொன்னது. அவள் தலையை நிமிர்த்தினாள். நரைத்துப்போன பழைய துணி முடிச்சுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் வெயில் படாத மஞ்சளாக இருந்தது.

"அந்த முடிச்ச அவுருலே."

அவன் எட்டி அவிழ்த்தான். உள்ளே எருமைக்கொம்புப் பிடி. பூவனநாதன் வீட்டில் பழகிய வழக்கமோ என்னவோ, கத்தியைத் திண்டின்மேல் வைத்துவிட்டு விலகி நின்றான். அவள் எடுத்து நகம் கொடுத்து விரித்தாள், மடக்கினாள். 'டப்' என்றது. இரண்டு பேர் வாலிபத்திலிருந்து கேட்டுவந்த சத்தம். மறுபடியும் அதைத் திண்டிலேயே வைத்தாள்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டீங்க" என்றான் ஆண்ட்ரூஸ். முகமெல்லாம் சந்தோஷம். அதில் கள்ளம் இல்லை என்பதுதான் அவளுக்கு அதிர்ச்சியாக இருந்தது. விற்றவன் முகம் அப்படி இருக்காது. விற்றிருந்தால் கத்தி இங்கே இருக்கவும் இருக்காது.

அப்போதுதான் மொத்தமும் விளங்கியது. முதலில் வாசனை கிடைத்தது, அடுத்தது முடி, மூன்றாவது வழி. அவள் டீக்கிளாஸோடு ஒப்பித்த அதே வரிசை. எந்தத் திருடன் அவள் பாடத்தைப் படித்துவிட்டு வந்து திருடுவான்? கடைசி வரியைக்கூட விடாமல் மரத்தில் கட்டி வைத்திருக்கிறான். வழி நெடுக அவள் பொறுக்கிப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டதெல்லாம் இவன் ஒவ்வொன்றாகப் போட்டு வைத்தது.

"காளீஸ்வரி கடையில நீ மேஞ்ச கதைய நல்லாச் சிரிச்சுச் சொன்னா" என்றாள்.

ஆண்ட்ரூஸ் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். இனி எதற்கு மறைக்கிறான் என்று நினைத்தாள்.

"எதுக்குலே பண்ணுன?"

"நீங்க கோயம்புத்தூர் போறேன்னு சொன்னீங்களே அக்கா." திண்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒரு நல்ல கேஸு வந்தா இருந்துருவீங்கன்னு நெனச்சேன். ஒண்ணே ஒண்ணு. யாரு மேலயும் பழி விழாது. திருடுனவன் பயந்துபோய்க் கருப்பசாமிக்கு முடிஞ்சு போட்டுட்டான், மேடம் கண்டுபிடிச்சுட்டாவன்னு பேப்பர்ல வரும். அண்ணாச்சிக்குக் கத்தி கெடச்சிரும். அவிய ரெண்டு பேரும் சண்ட போடுவாவன்னு மாதா மேல சத்தியமா நெனைக்கல."

அவன் சொன்னது உண்மைதான். பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். பணத்துக்காகப் பண்ணியிருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டுப் போலீசில் சொல்லியிருப்பாள். இவன் அவளைக் குழந்தைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்து ஏமாற்றுகிற மாதிரி ஏமாற்றியிருக்கிறான். நேற்று ராத்திரி அக்காவிடம் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. எனக்கு இந்த வேலை வருது அக்கா.

"நேத்து வரைக்கும் நான் கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்லே."

"கெட்டிக்காரிதான் அக்கா. அந்தக் கீறல நான் வேணும்னு வைக்கல. அது நீங்களாக் கண்டுபிடிச்சது."

ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தக் கேஸில் அவள் தானாகக் கண்டுபிடித்தது அவன் ஒருவனைத்தான்.

ஆண்ட்ரூஸ் கெஞ்ச ஆரம்பித்தான். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, எவனோ ஆட்டுக்காரன் என்று சொல்லிவிடலாம், இரண்டு அண்ணாச்சிகளும் சேர்ந்துவிடுவார்கள், ஆபீசுக்கும் பேர் வரும், இனி ஆயுசுக்கும் இப்படிப் பண்ண மாட்டேன் என்றான். பாதிக் கணம் அவளுக்கும் சபலம் தட்டியது. அப்படிச் சொன்னால் எல்லாருக்கும் நல்லதுதான். அதற்குப் பிறகு அவள் தொடுகிற ஒவ்வொரு தடயத்தையும் யார் வைத்தது என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

போனை எடுத்துப் பூவனநாதனைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கத்தி கெடச்சிருச்சு. மாயகிருஷ்ணன் அண்ணாச்சி குடுத்தது நெசக் கத்திதான். எடுத்தது என் ஆபீஸ் ஆளு. ஆண்ட்ரூஸு."

ஆண்ட்ரூஸைத் திட்டுவார், அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"அப்போ அவன் எடுக்கல" என்றார். குரல் உடைந்து வந்தது. "நான் கேட்ட கேள்விய இனி எங்கனம்மா கொண்டு வைப்பேன்? அவன் வந்துக்கிட்டு இருக்கான். அவன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

பச்சைத் துண்டை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள், நான் வந்து அவரிடம் நேரில் சொல்கிறேன், அவர் என்னைக் கேட்கிறதைக் கேட்கட்டும் என்று மட்டும் சொன்னாள். ஜன்னல் ஓரத்தில் அனாதையாகக் கிடந்த வெற்றிலைக்கத்தி கண்ணுக்குள் வந்துபோனது. கத்தியைத் தேடிப் பிடித்துவிடலாம். ஒருத்தனைப் பார்த்து நீ திருடன் என்று சொன்ன வார்த்தையை எந்த மரத்தில் போய்த் தேடுவது?

தூரத்தில் புழுதி கிளம்பியது. மினிபஸ் வந்துகொண்டிருந்தது. ஆண்ட்ரூஸ் பழக்கதோஷத்தில் வண்டியை நிமிர்த்தி, பின்சீட்டில் படிந்த கரிசல் தூசியைத் துண்டால் தட்டிவிட்டான்.

"நான் பஸ்ல போறேன்" என்றாள் ஜெயப்பிரியா. "ஆபீஸ் சாவிய மாடிக்குக் கீழ இருக்க மிட்டாய்க் கடையில குடுத்துட்டுப் போ."

அவன் தலையாட்டினான். பஸ் சத்தம் நெருங்கியது. அவள் திண்டைக் காட்டினாள்.

"அந்தக் கத்திய எடுத்து என் கையில குடு."

ஆண்ட்ரூஸுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. தினமும் கையில் கொடுத்து வாங்குகிற வீடு, அதில் எல்லாம் நம்பிக்கை இல்லாதவன். ஆனால் அவளுக்கு அது என்ன என்று அவனுக்குத் தெரியும்.

"கீழயே இருக்கட்டும் அக்கா. நீங்களா எடுத்துக்கிடுங்க."

அவள் உள்ளங்கையை நீட்டியபடி நின்றாள். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பழைய கூட்டாளியை அடையாளம் கண்டுகொண்டு, ஏலே ஆண்ட்ரூஸு என்று கூப்பிட்டான். ஆண்ட்ரூஸ் திரும்பிப் பார்க்கவில்லை. திண்டிலிருந்த கத்தியை எடுத்தான். நகமில்லாத விரல்களால் அவள் உள்ளங்கையில் வைத்தான். ஜெயப்பிரியா கையை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.